கடையில் வி.ஆர். டெமோ: மாட்டிப் பார்ப்பதற்குப் பின்னால் என்ன நடக்கிறது?

டிவி வாங்கப் போனால் கடைக்காரர் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. சுவர் நிறையத் தொங்கும் திரைகளைப் பார்த்தாலே எது பளிச்சென்று இருக்கிறது, எது மங்கல் என்று தெரிந்துவிடும். போன் என்றால் கையில் எடுத்து நாலு தட்டு தட்டிப் பார்ப்போம். வி.ஆர். ஹெட்செட், அதாவது தலையில் மாட்டி மெய்நிகர் உலகத்தைப் பார்க்கும் கருவி, அப்படி இல்லை. அலமாரியில் இருக்கும்போது அது நீச்சல் கண்ணாடியைப் பெரிதாக்கியது போன்ற ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அவ்வளவுதான். உள்ளே தெரியும் உலகத்தை வெளியே நிற்பவருக்குக் காட்ட வழியே கிடையாது. விளம்பரம் எடுத்தாலும் யாரோ ஒருவர் அதை மாட்டிக்கொண்டு வாயைப் பிளந்து நிற்பதைத்தான் காட்ட முடியும்.

அதனால்தான் இந்தப் பொருளை விற்க வந்தவர்கள் எல்லோரும் முதலிலிருந்தே ஒரே வழிக்கு வந்து சேர்ந்தார்கள்: கடையிலேயே வாடிக்கையாளர் தலையில் மாட்டிக் காட்டுவது. இதற்குப் பெயர்தான் டெமோ. கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தவர்களுக்குத்தான் இதன் கஷ்டம் தெரியும். வி.ஆர். டெமோவில் பாதி வேலையைக் கருவி செய்கிறது, மீதிப் பாதியைப் பக்கத்தில் நிற்கும் ஆள் செய்கிறார். அந்த ஆளைக் கணக்கில் எடுக்காத டெமோ, எத்தனை கடையில் வைத்தாலும் எடுபடாது என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் ஹெட்செட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. கண்ணுக்கு ஒன்றாக இரண்டு லென்ஸ், அதற்குப் பின்னால் திரை. இரண்டு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட படம் போகிறது. மூளை இரண்டையும் சேர்த்து ஆழமுள்ள ஒரே காட்சியாக எடுத்துக்கொள்கிறது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, முன்னே சாய்கிறதா, கீழே குனிகிறதா என்பதை உணரிகள் விடாமல் கவனிக்கின்றன. தலை அசைந்த 20 மில்லி விநாடிக்குள் படமும் அதற்கேற்ப மாறிவிட வேண்டும் என்பது இந்தத் துறையில் பொதுவாக வைத்திருக்கும் இலக்கு. 2016-ல் வந்த ஆக்குலஸ் ரிஃப்ட், எச்டிசி வைவ் இரண்டும் விநாடிக்கு 90 முறை படத்தைப் புதுப்பித்தன. இதெல்லாம் சரியாக அமைந்துவிட்டால் மூளை அதைப் படமாகப் பார்ப்பதை விட்டுவிட்டு ஓர் இடமாகவே ஏற்றுக்கொள்கிறது. உயரமான கட்டடத்தின் விளிம்பில் நிற்பது போன்ற காட்சியில், காலடியில் இருப்பது கடையின் தரைவிரிப்புதான் என்று நன்றாகத் தெரிந்தும் முழங்கால் நடுங்குவது இதனால்தான். சாதாரணத் திரையில் அதே காட்சியைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றாது. விற்க வேண்டியது அந்த நடுக்கத்தை. அதை மாட்டிப் பார்த்தால் மட்டுமே உணர முடியும்.

இந்தச் சிக்கல் புதிதும் இல்லை. நின்டெண்டோ 1995-ல் வர்ச்சுவல் பாய் என்ற கருவியை வெளியிட்டது. மேசை மேல் ஒரு சிறிய ஸ்டாண்டில் நிற்கும். குனிந்து முகத்தை அதில் பதித்துப் பார்க்க வேண்டும். தெரிவதெல்லாம் சிவப்பும் கறுப்பும்தான். விளம்பரத்தில் அதன் ஆழத்தைக் காட்ட முடியாது என்பது நின்டெண்டோவுக்கே தெரிந்திருந்ததால், அமெரிக்காவில் பிளாக்பஸ்டர் வீடியோ கடைகள் வழியாக 10 டாலருக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். எடுத்துப்போய் வீட்டில் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம். நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கருவியில் இரண்டு கண்ணுக்கும் உள்ள இடைவெளிக்கு ஏற்பவும், படம் தெளிவாகத் தெரியவும் தனித்தனியே சரிசெய்துகொள்ள வேண்டும். அதை விட்டுவிட்டுப் பார்த்தால் கண் வலிக்கும். வீட்டில் அதைச் சொல்லித்தர ஆளில்லை. மறு ஆண்டே கருவி நிறுத்தப்பட்டது. விற்றது உலகம் முழுவதும் 8 லட்சத்துக்கும் குறைவு. தோல்விக்குக் காரணம் வாடகைத் திட்டம் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் ஒரு விஷயம் அப்போதே தெளிவாகிவிட்டது: தானாக மாட்டிப் பார்ப்பதும், தெரிந்தவர் ஒருவர் மாட்டிவிட்டுப் பார்ப்பதும் இருவேறு அனுபவங்கள்.

ஐந்நூறு கடைகளும் ஒரு பாடமும்

இப்போதைய வி.ஆர். அலை 2012-ல் ஆக்குலஸ் நிறுவனம், பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் சுமார் 24 லட்சம் டாலர் திரட்டியதில் தொடங்கியது. 2014 மார்ச்சில் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தை ஏறக்குறைய 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2016-ல் மூன்று பெரிய ஹெட்செட்கள் அடுத்தடுத்து சந்தைக்கு வந்தன: மார்ச் 28 அன்று 599 டாலருக்கு ரிஃப்ட், ஏப்ரல் 5 அன்று 799 டாலருக்கு வைவ், அக்டோபர் 13 அன்று 399 டாலருக்கு சோனியின் ப்ளேஸ்டேஷன் வி.ஆர். மூவரும் அமெரிக்கக் கடைகளில் இடம் பிடித்தார்கள். வைவ் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர், கேம்ஸ்டாப் போன்ற இடங்களுக்குப் போனது. சோனி பெஸ்ட் பை, கேம்ஸ்டாப் இரண்டிலும் டெமோ காட்டியது. ரிஃப்ட், மின்னணுப் பொருள் விற்கும் பெரிய சங்கிலியான பெஸ்ட் பையைப் பிடித்துக்கொண்டது.

இதில் ரிஃப்டின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2016 மே 7 அன்று 48 பெஸ்ட் பை கடைகளில் டெமோ தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 500 கடைகளுக்கு விரிந்தது. ஒரு சிறு மேடை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹெட்செட், இயக்கிக் காட்ட ஓர் ஊழியர். நேரம் முன்பதிவு செய்துகொண்டும் வரலாம்.

2017 பிப்ரவரியில் அந்த 500 இடங்களில் ஏறத்தாழ 200 மூடப்படுவதாகச் செய்தி வந்தது. பல கடைகளில் நாள்கணக்கில் ஒருவர்கூட டெமோ கேட்டு வருவதில்லை, மென்பொருள் கோளாறால் ஹெட்செட் அடிக்கடி வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொன்னதாக அந்தச் செய்தியில் இருந்தது. பருவத்துக்கேற்ற மாற்றம்தான் இது என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. கிறிஸ்துமஸ் விற்பனை முடிந்தால் கூட்டம் குறையும் என்பதும் உண்மைதான்.

ஆனால் கடைக்குள் நிற்கும் ஒரு சாதாரண வாடிக்கையாளரின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். வாஷிங் மெஷின் பார்க்க வந்தவர் அவர். ஒரு மூலையில் யாரோ முகத்தை மூடிக்கொண்டு காற்றில் கையை வீசுகிறார். நின்று பார்க்கிறார், சிரிக்கிறார், நகர்ந்துவிடுகிறார். நாலு பேர் பார்க்கும் இடத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்க யாருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். துணிந்து மாட்டிப் பார்த்து, "அடேயப்பா!" என்று வியந்து கழற்றினாலும் அடுத்த கேள்வி விலை. ரிஃப்ட் மட்டும் 599 டாலர். அதை ஓட்டத் தகுந்த கம்ப்யூட்டரும் சேர்ந்த தொகுப்பு 1,499 டாலரில்தான் தொடங்கியது. ஐந்து நிமிட வியப்பு, அவ்வளவு பெரிய தொகையைத் தாங்காது. தொடங்கிய புதிதில் கடையிலும் போதிய ஹெட்செட் கையிருப்பு இல்லை; முன்கூட்டியே பதிவு செய்தவர்களே பெட்டிக்காகக் காத்திருந்தார்கள். ஆசையை மூட்டிவிட்டுக் கையில் பொருளைத் தர முடியாத டெமோ, விற்பனையைத் தள்ளிப்போடத்தான் உதவும்.

இன்னொன்றும் இருக்கிறது, கணக்கு. ஒரு ஆளை உட்காரவைத்து விளக்கி மாட்டிவிட 4 நிமிடம், பார்க்க 7 நிமிடம், கழற்றிப் பேசித் துடைத்து வைக்க 4 நிமிடம் என்றால் மொத்தம் 15 நிமிடம். ஒரு ஹெட்செட்டில் மணிக்கு 4 பேர். கடை 10 மணி நேரம் திறந்திருந்து, ஒரு நொடிகூட வீணாகாமல் வரிசை நின்றாலும் நாளுக்கு 40 பேர்தான். சனி, ஞாயிறில் வரிசை நீளும், பாதிப் பேர் பொறுமையிழந்து போய்விடுவார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் ஊழியர் தனியாக நிற்பார். தேவையோ கடலலை மாதிரி ஏறி இறங்குகிறது. ஹெட்செட்டும் ஆளும் எப்போதும் அதே ஒன்று. கடையில் டெமோ நடத்துகிறவர்களின் தலைவலியில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான்.

மாட்டிவிடும் அந்த நாலு நிமிடம்

டெமோ என்றால் உள்ளே ஓடும் விளையாட்டைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் டெமோ நல்லதாவதும் கெடுவதும் அதற்கு முன்னால், மாட்டிவிடும் நேரத்தில்.

நல்ல ஊழியர் முதலில் கேள்வி கேட்பார். "இதற்கு முன் மாட்டியிருக்கிறீர்களா? கண்ணாடி போடுவீர்களா? பஸ்ஸில், காரில் போனால் குமட்டுமா? வலிப்பு மாதிரி ஏதாவது உண்டா?" கடைசிக் கேள்வியைக் கேட்கச் சங்கடப்பட்டு விட்டுவிடக் கூடாது, மின்னி மின்னி அணையும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம் என்று ஹெட்செட் நிறுவனங்கள் எல்லாமே எச்சரிக்கின்றன. குழந்தை என்றால் வயது கேட்க வேண்டும். ஆப்பிளும் சரி, நீண்ட காலம் ஆக்குலஸும் சரி, 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தங்கள் ஹெட்செட் இல்லை என்றே சொல்லிவந்தன. மெட்டா (ஆக்குலஸை வாங்கிய ஃபேஸ்புக் நிறுவனத்தின் புதிய பெயர்) 2023-ல்தான், பெற்றோர் கண்காணிக்கும் கணக்கோடு அதை 10 வயதாகக் குறைத்தது.

அடுத்து மாட்டுவது. தொப்பி மாதிரி மேலிருந்து கவிழ்க்கக் கூடாது. முன்பக்கத்தை முகத்தில் வைத்து, வாடிக்கையாளரையே ஒரு கையால் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பின்பட்டையைத் தலைக்குப் பின்னால் இறக்க வேண்டும். பட்டை மண்டையின் பின்பக்க மேட்டுக்குக் கீழே போய் உட்கார வேண்டும். மேலே நின்றால் முழு எடையும் கன்னத்தில் இறங்கும். கொண்டை போட்டவர்கள், குதிரைவால் கட்டியவர்கள், தலைப்பாகை அணிந்தவர்கள் என்றால் பட்டையை எங்கே விடுவது என்று முன்பே யோசித்திருக்க வேண்டும். கண்ணாடி போட்டவருக்கும் முன்பக்கம்தான் முதலில் போக வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடிச் சட்டம் ஹெட்செட் லென்ஸில் உரசிக் கீறல் விழும். அந்தக் கீறல் அடுத்து வருகிற அத்தனை பேர் கண்ணிலும் தெரியும்.

அப்புறம் ஒரே கேள்வி: "எழுத்து தெளிவாகத் தெரிகிறதா?" இங்கேதான் பெரும்பாலான டெமோக்கள் வீணாகின்றன. வி.ஆர். லென்ஸில் தெளிவாகத் தெரியும் இடம் சிறியது. ஹெட்செட் ஒரு சென்டிமீட்டர் மேலேயோ கீழேயோ இருந்தாலே எல்லாம் கலங்கலாகிவிடும். புதிதாக வருபவருக்கு அது தெரியாது. "வி.ஆர். என்றாலே இப்படித்தான் மங்கலாக இருக்கும் போல" என்று நினைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் பார்த்துவிட்டுப் போய்விடுவார். பக்கத்தில் இருப்பவர் விடாமல் கேட்டு, "கொஞ்சம் மேலே தூக்குங்கள், இப்போது கீழே, இப்போது?" என்று தெளிவு வரும் வரை நின்றாக வேண்டும்.

இரண்டு கண்ணின் பாவைகளுக்கும் உள்ள இடைவெளி இன்னொரு விஷயம். பெரியவர்களுக்கு இது சராசரியாக 63 மில்லிமீட்டர். ஆளுக்கு ஆள் மாறும். 2020-ல் வந்த மெட்டாவின் குவெஸ்ட் 2 ஹெட்செட்டில் லென்ஸ்களை 58, 63, 68 என மூன்று நிலைகளில் வைக்கலாம். குவெஸ்ட் 3-ல் சக்கரத்தைத் திருகி இடைப்பட்ட அளவுகளையும் பிடிக்கலாம். முன்னால் பார்த்தவர் வைத்துவிட்டுப் போன அளவிலேயே அடுத்தவருக்கும் மாட்டிவிட்டால் படம் ஒட்டாமல் நிற்கும், சீக்கிரம் தலைவலி வரும். ஒவ்வோர் ஆளுக்கும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும்.

கண்ணாடி பற்றி ஒரு குறிப்பு, பலருக்கும் பயன்படும். திரை கண்ணுக்குச் சில சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தாலும், லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது கண் குவிவது ஒன்று முதல் இரண்டு மீட்டர் தொலைவில் இருக்கும் பொருளைப் பார்ப்பது போல. அதனால் படிக்க மட்டும் கண்ணாடி போடுகிறவர்களில் பலர் அது இல்லாமலே நன்றாகப் பார்ப்பார்கள். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குக் கண்ணாடி வேண்டும்.

ஹெட்செட் மாட்டியவருக்குக் கடை தெரியாது. கைப்பை எங்கே, குழந்தை எங்கே, யார் பின்னால் நிற்கிறார்கள், எதுவும் தெரியாது. அந்த நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் தோளைத் தொட்டால் யாரும் திடுக்கிடுவார்கள். "கன்ட்ரோலரைக் கையில் தருகிறேன், வலது கையை நீட்டுங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் தர வேண்டும். பட்டையைச் சரிசெய்வதற்கும் கேட்டுவிட்டே தொட வேண்டும். பையைத் தன் கண்முன் வைத்திருப்பதாகச் சொல்ல வேண்டும். இது மரியாதை சம்பந்தப்பட்டது. வியாபாரத்துக்கும் இதுதான் அடிப்படை. பயத்தோடு நிற்பவரால் எந்தக் காட்சியையும் ரசிக்க முடியாது.

எதைக் காட்டுவது?

வி.ஆரில் குமட்டல் வருவதற்குக் காரணம் கண்ணும் காதும் ஒத்துப்போகாததுதான். நம் உடல் நகர்கிறதா, நிற்கிறதா என்பதை உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கண் "வேகமாகப் போகிறோம்" என்கிறது, காது "அசையவே இல்லை" என்கிறது. சிலருக்கு இரண்டே நிமிடத்தில் வியர்த்து, வயிற்றைப் புரட்டத் தொடங்கிவிடும்.

ஆகவே முதல்முறை பார்ப்பவருக்கு ரோலர் கோஸ்டர் காட்டுவது மோசமான தேர்வு. பார்க்கிறவர் அலறுவார், சுற்றி நிற்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், கூட்டம் சேரும். அதனால்தான் மால்களில் காசு வாங்கிக்கொண்டு காட்டுகிறவர்கள் அதை விரும்பிப் போடுகிறார்கள். ஹெட்செட் விற்க நினைப்பவர் அதைத் தொடவே கூடாது. ஒருமுறை குமட்டியவர் மறுபடி அந்தப் பக்கம் வரமாட்டார், வீட்டில் உள்ளவர்களுக்கும் வேண்டாம் என்பார். பார்ப்பவர் நிற்கும் இடத்திலேயே நிற்க, உலகம் அவரைத் தேடி வரும் காட்சிகள்தான் சரி. எச்டிசி வைவில் பலருக்கு முதலில் காட்டியது, கடலடியில் மூழ்கிய கப்பல் மேல் நாம் நிற்க, ஒரு பெரிய திமிங்கிலம் அருகில் வந்து கண்ணோடு கண் பார்த்துவிட்டுப் போகும் காட்சி. பார்ப்பவர் எங்கும் போக வேண்டாம், எதையும் அழுத்த வேண்டாம். திமிங்கிலத்தின் பிரமாண்டம் அவருக்கு உடம்பாலேயே புரியும். 2018-ல் வந்த பீட் சேபரும் இதே வகையில் அருமையான டெமோ: நிற்கும் இடத்தில் நின்று, பாட்டுக்கு ஏற்பப் பறந்து வரும் கட்டைகளைக் கையால் வெட்ட வேண்டும். அரை நிமிடத்தில் விதி புரிந்துவிடும். வெளியே டிவியில் பார்ப்பவருக்கும் அவர் என்ன செய்கிறார் என்று விளங்கும்.

அந்த வெளித்திரை முக்கியமானது. உள்ளே தெரிவதைப் பெரிய திரையில் காட்டினால்தான் கூட வந்தவர்களுக்குப் பொழுது போகும், வழியில் போகிறவரும் நிற்பார், ஊழியருக்கும் வாடிக்கையாளர் எங்கே திணறுகிறார் என்று தெரியும். மெட்டா 2022 மே மாதம் கலிபோர்னியாவின் பர்லிங்கேமில் தன் முதல் கடையைத் திறந்தபோது, டெமோ இடத்தில் ஒரு சுவர் முதல் மறு சுவர் வரை வளைந்த பெரிய எல்இடி திரையை வைத்தது இதற்காகத்தான்.

முகம் படும் பொருள்

நாள் முழுக்க இருபது முப்பது முகங்களில் ஒரே ஹெட்செட் ஏறி இறங்குகிறது. வியர்வை, எண்ணெய், முகப்பூச்சு, கண்மை எல்லாம் பஞ்சில் ஊறும். கடைகளில் பஞ்சைக் கழற்றிவிட்டுத் துடைத்தெடுக்கக்கூடிய மேலுறை போடுவதும், ஆளுக்கொரு காகித முகமூடி தருவதும் இதனால் வந்த பழக்கம். முகம் படும் பகுதியை ஆல்கஹால் இல்லாத கிருமிநாசினித் துணியால் துடைக்க வேண்டும். லென்ஸுக்கு உலர்ந்த மெல்லிய துணி மட்டும். அதன் மேல் ஆல்கஹால் பட்டால் பூச்சு கெட்டுவிடும். புற ஊதா ஒளிப் பெட்டிக்குள் ஒரு நிமிடம் வைத்தெடுக்கும் முறையும் உண்டு. அந்த ஒளி படும் பரப்பில் மட்டுமே கிருமி சாகும். ஊறிய எண்ணெயையும் அழுக்கையும் அது ஒன்றும் செய்யாது. முதலில் துடை, பிறகு ஒளி என்பதுதான் சரியான வரிசை.

முகம் படும் பொருளை அலட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு 2021-ல் நடந்ததே சாட்சி. குவெஸ்ட் 2-ன் முகப்பஞ்சு தோலில் எரிச்சல், தடிப்பு உண்டாக்குவதாக 5,700-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்து, அமெரிக்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் பஞ்சுகள் திரும்பப் பெறும் அறிவிப்புக்கு உள்ளாயின. மேலே போட்டுக்கொள்ள சிலிக்கோன் உறை இலவசமாகத் தரப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு கொரோனா வந்தபோது, அடுத்தவர் முகத்தில் இருந்ததை எடுத்து நம் முகத்தில் வைப்பது என்ற எண்ணமே பயங்கரமாகி, கடை டெமோக்கள் ஒட்டுமொத்தமாக நின்றுபோனதையும் மறக்க முடியாது.

கடையின் ஜன்னல் ஓரம் ஹெட்செட்டை வைக்கவே கூடாது. வெயில் லென்ஸ் வழியாக உள்ளே இறங்கினால் ஒளியைக் குவித்துத் திரையைப் பொசுக்கிவிடும். சில நொடிகள் போதும், அழியாத புள்ளி விழுந்துவிடும்.

ஒரு ஆளுக்கு அரை மணி நேரம்

ஆப்பிள் 2024 பிப்ரவரி 2 அன்று அமெரிக்காவில் தன் விஷன் ப்ரோ ஹெட்செட்டை 3,499 டாலருக்கு விற்கத் தொடங்கியபோது, இந்த வேலையை முற்றிலும் வேறு விதமாக அணுகியது. எல்லாம் அவர்களது சொந்தக் கடையில், சொந்த ஊழியர் கையில். ஒருவருக்குச் சுமார் அரை மணி நேரம். ஐபோனால் முகத்தை அளந்து, முகத்துக்குப் பொருந்தும் ஒளித்தடுப்பின் அளவைத் தீர்மானிப்பார்கள். கண்ணாடி போட்டவர் என்றால் அந்தக் கண்ணாடியைக் கடையிலேயே ஒரு கருவியில் வைத்துப் பவரைப் படித்து, அதற்கேற்ற ஜெய்ஸ் நிறுவன லென்ஸை டெமோவுக்குப் பொருத்தித் தருவார்கள். உட்கார்ந்த பிறகு கண்ணும் கையும் கருவிக்குப் பழகச் சில பயிற்சிகள்: புள்ளியைப் பார், விரலைச் சேர். அப்புறம்தான் புகைப்படம், அகன்ற காட்சிகள், ஆழத்தோடு எடுத்த வீடியோ என்று ஒவ்வொன்றாக, ஏற்கெனவே வகுத்த வரிசையில். ஊழியர் பக்கத்திலேயே உட்கார்ந்து என்ன பார்க்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வருவார்.

பெஸ்ட் பை மேடையோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். இங்கே மணிக்கு இரண்டே பேர். ஆனால் அந்த இரண்டு பேரும் தெளிவான படத்தை, தங்கள் முகத்துக்குப் பொருந்திய கருவியில், அவசரமில்லாமல் பார்க்கிறார்கள். அமெரிக்காவுக்கு வெளியே 2024 ஜூன் 28 அன்று முதலில் கிடைத்த நாடுகளில் சீனா, ஜப்பானோடு சிங்கப்பூரும் ஒன்று. அங்கே உள்ள ஆப்பிள் கடைகளிலும் இதே முறைதான்.

சரி, இவ்வளவு செய்தும் விஷன் ப்ரோ வீட்டுக்கு வீடு போய்விட்டதா? இல்லை. 3,499 டாலர் விலையையும் அறுநூறு கிராமுக்கு மேற்பட்ட எடையையும் எந்த டெமோவாலும் மறைக்க முடியாது. பார்த்தவர்களில் பலர் வியந்தார்கள், நன்றி சொன்னார்கள், வாங்காமல் போனார்கள். என்னைக் கேட்டால் அதை டெமோவின் தோல்வியாகச் சொல்லமாட்டேன். பொருள் என்ன, அது தனக்குத் தேவையா என்பது புரிந்து ஒருவர் வெளியே போனால் டெமோ தன் வேலையைச் செய்துவிட்டது. பொருந்தாத ஹெட்செட்டில் மங்கலான படத்தைப் பார்த்துவிட்டு "இது எனக்கு ஆகாது" என்று ஒருவர் முடிவு செய்வதுதான் உண்மையான இழப்பு. அவருக்கும் இழப்பு, விற்பவருக்கும் இழப்பு.

இந்தப் போக்கின் அடுத்த கட்டமும் வந்துவிட்டது. மெட்டா 2025 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவில் 799 டாலருக்கு விற்கத் தொடங்கிய ரேபேன் டிஸ்ப்ளே, வி.ஆர். ஹெட்செட் இல்லை, லென்ஸில் சிறு திரை உள்ள மூக்குக் கண்ணாடி. விரல் அசைவை உணரும் மணிக்கட்டுப் பட்டையும் கூடவே வருகிறது. பட்டை சரியான அளவில் இருந்தால்தான் வேலை செய்யும் என்பதால், முதலில் கடைக்கு நேரில் வந்து மாட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று வைத்தார்கள். டெமோ விளம்பரம் என்ற நிலை மாறி, விற்பனையின் ஒரு படியாகவே ஆகிவிட்டது.

நீங்கள் டெமோவுக்குப் போனால்

எந்த ஊரில், எந்தக் கடையில் மாட்டிப் பார்த்தாலும் சில விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு போகாதீர்கள். வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு போங்கள். லென்ஸைத் துடைக்கச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். படம் மங்கலாக இருந்தால் உடனே சொல்லுங்கள். அது பெரும்பாலும் மாட்டிய விதத்தில் உள்ள பிழை. அவர்கள் காட்டும் பளபளப்பான காட்சியோடு நின்றுவிடாமல், பொடி எழுத்துள்ள ஒரு பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எழுத்து வாசிக்க வருகிறதா என்பதில் திரையின் தரம் தெரிந்துவிடும். தலை லேசாகச் சுற்றினால் சமாளிக்கப் பார்க்காதீர்கள், கண்ணை மூடி, கழற்றிவிடுங்கள். தொடர்ந்து பார்த்தால் அதிகமாகத்தான் ஆகும்.

டெமோவில் தெரியாத ஒன்று, எடை. ஏழு நிமிடத்தில் எந்த ஹெட்செட்டும் கனக்காது. குவெஸ்ட் 3-ன் எடை 515 கிராம். அது முகத்தை அழுத்துவதும் கழுத்தை இழுப்பதும் அரை மணி நேரத்துக்கு மேல்தான் தெரிய வரும். ஆகவே வாங்கும் முன் திருப்பித் தரும் விதியைக் கேளுங்கள். அமெரிக்காவில் ஆப்பிள் 14 நாளும் பெஸ்ட் பை பொதுவாக 15 நாளும் தருகின்றன. அந்த நாட்களுக்குள் ஒரு முழுப் படத்தை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள், வியர்க்க வியர்க்க ஒரு விளையாட்டும் ஆடிவிடுங்கள். பெட்டியையும் பில்லையும் அதுவரை தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.